பைனஸுக்குப் பூச்சி வராதா, இன்னும் வரவில்லையா?

மானாப்புல் (பண்டாரவளை)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துக்கு மேலே றோட்டின் இரண்டு பக்கமும் பைனஸ் (பைன் மர) காடு இருக்கிறது. சின்ன வயதில் விறகு பொறுக்கவும் காய் பொறுக்கவும் ஏறின இடம். போன கிழமை ஒரு வேலையாக மேலே போனபோது கவனித்தேன்: மேல்துண்டில் சில மரங்களின் அடியில் நெஸ்டமோல்ட் மாவு கொட்டிய மாதிரி மரத்தூள். பட்டையில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். சில ஓட்டைகளில் பிசின் வெள்ளையாகக் கட்டிப்போய் இருந்தது, சிலதில் ஒன்றுமே இல்லை. கீழ்த்துண்டில் அப்படி ஒரு மரம்கூடக் கண்ணில் படவில்லை.

அதே மலை, அதே மழை, அதே மண். எங்கள் லயத்தில் ஒரு தாத்தா இருக்கிறார், அந்தக் காலத்தில் பைனஸ் நாற்று போட்ட தவறணையில் வேலை செய்தவர். அவரிடம் சொன்னேன். யோசிக்காமல் சொன்னார்: "மேல இருக்கிறது வேற சாக்கு, கீழ இருக்கிறது வேற சாக்கு." விதை இரண்டு முறை சாக்கில் வந்ததாம், இரண்டு இடத்திலிருந்து.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொன்னது, பைனஸில் பிசின் இருக்கிறது, அதனால் பூச்சி வராது என்று. அப்படியானால் விதை எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அது மாறுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீலிக்கரை (ஹட்டன்)

வெட்டிப்போட வேண்டிய மரத்துக்கு வைத்தியம் பார்க்கிறீர்களா? பைனஸ் வந்தபிறகு எங்கள் டிவிசனில் மூன்று பீலி (மலை ஊற்றுத் தண்ணீர் விழும் இடம்) வற்றிப் போனது. பூச்சி வந்தால் பூச்சிக்கு ஒரு தேத்தண்ணி கொடுங்கள்.

மட்டுறுத்துநர்

பைனஸும் தண்ணீரும் பற்றி ஏற்கெனவே 40 பக்கத்துக்கு ஓர் இழை ஓடுகிறது. அந்தச் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம். இங்கே விதையும் பூச்சியும் மட்டும்.

பழைய பேராதனை

தம்பி, நேரான பதில்: மாறும், நிறையவே மாறும். உங்கள் மேல்துண்டில் நடந்தது அதுதானா என்பது வேறு விஷயம், அதைப் பிறகு பார்ப்போம்.

ஓர் இன மரம் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பரந்து கிடக்கும்போது அதற்கு ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு எதிரி. எந்த மூலையில் ஒரு பூச்சி மரத்தோடு தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியதோ, அங்கே தாங்க முடியாத மரங்கள் விதை போடாமலே போய்ச் சேர்ந்திருக்கும். மிஞ்சியவற்றின் பிள்ளைகள்தான் இன்று அங்கே நிற்கின்றன. அந்தப் பூச்சியையே காணாத மூலையில் அந்த வடிகட்டல் நடந்திருக்காது. பார்வைக்கு இரண்டும் ஒரே மரம், பெயரும் ஒன்று.

தென்கிழக்குப் பிரான்சில் மோர், எஸ்தரெல் என்று இரண்டு மலைப்பகுதிகள். அங்கே கடலோரப் பைன் காடுகள் இருந்தன. 1950களின் கடைசியில் பட்டைக்குள் சாறு உறிஞ்சும் ஒரு செதில்பூச்சி அங்கே பரவி, காடு காடாகச் சாய்த்துவிட்டது. அதே பூச்சி அதே நாட்டின் மேற்குக் கரையில் லாந்து பகுதிப் பைனில் பெரிய தொந்தரவு இல்லாமல் இருந்துகொண்டிருந்தது. பிறகு பல ஊர் விதைகளைப் பக்கம் பக்கமாக நட்டுப் பார்த்தார்கள். மொரோக்கோவின் தம்ஜூத் என்ற இடத்து விதையில் வந்த மரங்கள் நன்றாகத் தாங்கின. ஓர் இனம், ஒரு பூச்சி, விதை வந்த இடம் மட்டும் வேறு.

எப்படித் தாங்குகிறது என்பதும் ஒரே மாதிரி இல்லை. பிசின் எவ்வளவு ஊறுகிறது, அதில் என்ன கலவை, பட்டையில் பிசின் குழாய்கள் எவ்வளவு நெருக்கம், ஊசியிலையில் எவ்வளவு சத்து, குருத்து எந்த மாதத்தில் விடுகிறது, இப்படிப் பல. குருத்து இரண்டு கிழமை முந்தியோ பிந்தியோ விட்டால் புழு பொரிக்கும் நேரத்தில் அதற்குச் சாப்பாடு இல்லாமல் போகலாம். பிசின் மட்டும்தான் காவல் என்று பள்ளியில் சொன்னது பாதிக் கதை.

நம் நாட்டில் நட்டதில் பெரும்பகுதி கரீபியன் பைன். உயரமான பக்கங்களில் மெக்சிக்கோவின் பட்டுலா பைனும் உண்டு. கரீபியன் பைனிலேயே மூன்று வகை: கியூபாவுடையது, பகாமாஸ் தீவுகளுடையது, ஹொண்டுராஸ் பக்கமிருந்து வந்தது. நம்மிடம் இருப்பது இந்தக் கடைசி வகை. அதற்குள்ளும் பெலிஸின் மலைக்காடு, குவாத்தமாலாவின் பொப்தூன், நிக்கராகுவாவின் அலமிகாம்பா என்று ஒவ்வோர் இடத்து விதைக்கும் ஒவ்வொரு குணம். ஒக்ஸ்போர்ட்டின் வன ஆராய்ச்சிக்காரர்கள் இந்த இடங்களின் விதைகளைத் தனித்தனியாகச் சேகரித்துப் பல வெப்பமண்டல நாடுகளுக்கு அனுப்பி நட்டுப் பார்க்கச் சொன்னார்கள். நேராக வளர்வது, காற்றுக்குச் சாயாமல் நிற்பது, பக்கக்கிளை இல்லாமல் நரிவால் மாதிரி ஒற்றையாக நீண்டுகொண்டே போவது, எல்லாமே இடத்துக்கு இடம் வித்தியாசம்.

ஆக, உங்கள் தாத்தா சொன்ன "வேற சாக்கு" சின்ன விஷயமில்லை. சாக்கில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டீர்களா?

விதைத்தேயிலை (தலவாக்கலை)

இதைத் தோட்டத்துக்காரனுக்கு ஐரோப்பாவைக் காட்டி விளங்கப்படுத்த வேண்டுமா சேர்? பழைய மலையில் விதைத்தேயிலை நிற்கும், பக்கத்து மலையில் வீ.பீ. தேயிலை (விதை போடாமல், ஒரே தாய்ச்செடியின் தண்டை வெட்டி நட்டு வளர்த்தது) நிற்கும். விதைத்தேயிலையில் துளைவண்டு ஒரு செடியில் விழும், அடுத்த செடியில் விழாது. வீ.பீ.யில் விழுந்தால் மலை முழுக்க விழும், விழாவிட்டால் முழுக்க விழாது. அதனால்தானே ஆராய்ச்சி நிலையக்காரர்கள் இந்த உயரத்துக்கு இந்த நம்பர் செடி, அந்த மண்ணுக்கு அந்த நம்பர் செடி என்று பிரித்துக் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மரத்தையே தேடக்கூடாது. கொழுந்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் புழு ஒரு காலத்தில் தோட்டங்களை ஆட்டிவைத்தது. 1935, 36இல் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அது புழுவுக்குள் முட்டையிடும். புழு அடங்கியது. தேயிலை அதே தேயிலைதான்.

பழைய பேராதனை

நல்ல உதாரணம். வீ.பீ. தேயிலையைச் சொன்னதும் எனக்கு இபில்-இபில் மரம் ஞாபகம் வருகிறது. 80களில் சரிவு நிலமெல்லாம் வேலியாக அதைத்தானே நடச் சொன்னார்கள். உலகம் முழுக்கப் பரவிய அந்தச் சாதாரண இபில்-இபில் தனக்குத்தானே மகரந்தம் சேர்க்கும், அதனால் எங்கே பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒரே மரம். 80களின் நடுவில் ஒரு சின்ன இலைப்பேன் பசிபிக் தீவுகள் வழியாகச் சில வருடத்துக்குள் ஆசியா முழுக்க வந்து குருத்தை மொட்டையடித்தது. அதே குடும்பத்தில் மெக்சிக்கோவின் வேறு இடத்து இனங்கள் அதைத் தாங்கின. அவற்றின் விதை நம் சாக்கில் இல்லை, அவ்வளவுதான்.

குளிர்தேசத்தான் (வன்கூவர்)

நான் நானுஓயாவில் பிறந்தவன், இப்போது கனடாவில் பூங்கா வேலை. பைனைப் பற்றி இல்லாமல் அதன் சொந்தக்காரனைப் பற்றிச் சொல்லலாமா? இங்கே சிட்கா ஸ்புரூஸ் என்று ஒரு மரம். ஒரு மூக்கு வண்டு வசந்தத்தில் அதன் நுனிக்குருத்தில் முட்டையிடும். புழு மேலிருந்து கீழே தின்றுகொண்டே இறங்கும். குருத்து காய்ந்து கைத்தடி மாதிரி வளைந்து தொங்கும். அடுத்த வருடம் பக்கக்கிளை இரண்டு மூன்று எழும்பிப் போட்டி போடும், திரும்ப வண்டு வரும். இருபது வருடத்து மரம் தேயிலைச் செடி மாதிரிப் புதராக நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். கவ்வாத்து வெட்டினது யார் என்று கேட்கத் தோன்றும்.

பல ஊர் விதைகளை நட்டு வண்டை விட்டுப் பார்த்தபோது, வன்கூவர் தீவின் கிழக்குப் பக்கத்து பிக் குவாலிகம், ஃபிரேசர் ஆற்றுப் பக்கத்து ஹேனி, இந்த இரண்டு இடத்து மரங்களும் நன்றாகத் தாங்கின. இரண்டுமே வண்டு அதிகம் உள்ள பகுதிகள். தாங்கும் மரத்தின் பட்டையை வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால் கல் மாதிரி இறுகிய செல்கள் நிறைய இருக்குமாம். அரிசியில் கல் கிடந்தால் நமக்குப் பல் கூசுகிறது, அந்தப் புழுவுக்கும் அதே கதைதான்.

சுவாரசியம் என்னவென்றால், ஹைடா குவாய் தீவுகளில் அந்த வண்டே கிடையாது. அந்த விதையில் வந்த மரங்களை வண்டு இருக்கும் இடத்தில் நட்டால் படு அடி வாங்கும். பிரித்தானியாவில் நட்ட சிட்கா ஸ்புரூஸில் நிறையப் பங்கு அந்தத் தீவுகளின் விதைதான். வேகமாக வளரும், அந்தக் காலநிலைக்குப் பிடிக்கும். வண்டு அங்கே இல்லை, அதனால் ஒரு குறையும் இல்லை. இப்போதைக்கு.

வடமராட்சியான்

ஒரு சந்தேகம். முதல் பதிவில் தாத்தா "தவறணையில் வேலை செய்தவர்" என்று இருக்கிறது. எங்கள் பக்கம் தவறணை என்றால் கள்ளுக்கடை. கள்ளுக்கடையில் பைன் விதை எதற்கு?

விதைத்தேயிலை (தலவாக்கலை)

எங்கள் பக்கம் தவறணை என்றால் நாற்று மேடை அண்ணன். உங்கள் தவறணையில் நாற்று போட்டால் தள்ளாடிக்கொண்டு வளரும்.

பால்வெட்டு (எல்ல)

நான் சில வருடம் கொந்தரப்பில் (ஒப்பந்தத்துக்கு) பைனஸ் பிசின் எடுத்தவன். பட்டையைச் சீவி, அமிலம் தடவி, கீழே கோப்பை கட்டுவோம். படித்தவர்கள் சொல்வதோடு என் கை கண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே வரிசை, ஒரே வயது, ஒரே பருமன். ஒரு மரம் கோப்பை தளும்பத் தரும், பக்கத்து மரம் நக்கவும் காணாது. அடுத்த முறை வெட்டினாலும் அதே மரம்தான் தரும். எங்களில் பழைய ஆட்கள் மரத்தைப் பார்த்தே சொல்வார்கள், இது ஊறும், இது காயும் என்று. ஆகவே சாக்கு மட்டும் காரணம் என்று நான் நம்பமாட்டேன். ஒரே சாக்குக்குள்ளேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

மானாப்புல் தம்பியிடம் இரண்டு கேள்வி. மேல்துண்டில் பிசின் வெட்டினார்களா? போன கச்சான் காற்றுக் காலத்தில் அங்கே நெருப்பு ஏறியதா? நெருப்புப் பட்ட மரத்தில் அடுத்த மழைக்குள் ஓட்டை விழுவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். நெருப்புப் படாத மரத்தில் வண்டு முயற்சி செய்தால் பிசின் பிதுங்கி வண்டை அப்படியே வெளியே தள்ளிவிடும். சில சமயம் வண்டு அதற்குள்ளேயே ஒட்டிக்கொண்டு செத்துக் கிடக்கும், தேனில் விழுந்த எறும்பு மாதிரி.

பழைய பேராதனை

பால்வெட்டு அண்ணன் இந்த இழையின் முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டார். அமெரிக்காவின் தெற்கில் பிசினுக்காகவே ஒரு பைன் இனத்தில் தாய்மரம் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். நிறைய ஊறும் மரத்தின் பிள்ளைகளும் நிறைய ஊறின. அது பரம்பரைக் குணம். ஆகவே ஊருக்கு ஊர் வித்தியாசம் ஒன்று, ஒரே ஊருக்குள் மரத்துக்கு மரம் வித்தியாசம் இன்னொன்று. இரண்டும் உண்மை. சில குணங்களில் இரண்டாவதுதான் பெரிது.

ஓட்டையும் தூளும் என்று கேட்டதுமே நானும் நெருப்பைக் கேட்டிருக்க வேண்டும். தேயிலையின் துளைவண்டு இருக்கிறதே, அதன் உறவுக்காரக் கூட்டம் ஒன்று மரத்துக்குள் பூஞ்சை பயிரிட்டுத் தின்னும். அந்த வகைகளில் பல நல்ல மரத்தைத் தேடிப் போவதில்லை. அடிபட்ட மரம் வெளியிடும் மதுசார வாசனையை மோப்பம் பிடித்து வரும். (வடமராட்சியான் கவனிக்க: மரத்தின் தவறணைக்கு வரும் கூட்டம் அது.) அப்படியானால் மேல்துண்டின் பிரச்சினை சாக்காகவும் இருக்கலாம், தீயாகவும் இருக்கலாம். இரண்டு துண்டு, இரண்டு சாக்கு, ஒரு நெருப்பு என்று வைத்துக்கொண்டால் எதையும் நிரூபிக்க முடியாது. அதனால்தான் சோதனை செய்பவர்கள் ஒவ்வோர் ஊர் விதையையும் ஒரே மலையில் பல சின்னத் துண்டுகளாகக் கலந்து நடுகிறார்கள். நெருப்பு வந்தாலும் எல்லா ஊருக்கும் சமமாக வரட்டும் என்று.

ஒரு கெட்ட செய்தியும் சொல்கிறேன். நம் பைனின் நெருங்கிய உறவு, பகாமாஸ் வகை, டர்க்ஸ் கைக்கோஸ் தீவுகளில் இயற்கையாக நின்றது. 2005இல் அங்கே வட அமெரிக்காவின் ஒரு செதில்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. ஆமை முதுகு மாதிரிச் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும். தேன் மாதிரிக் கழிவு வடியும், அதன்மேல் கரும்பூஞ்சை படரும். சில வருடத்துக்குள் அந்தத் தீவுகளின் பைனில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டது. அந்தப் பூச்சியை அந்த மரங்கள் அதுவரை கண்டதே இல்லை. பிறகு அதே பூச்சி இத்தாலிக்கும் போய் நேப்பிள்ஸ், ரோம் நகரங்களின் குடைப்பைன்களில் ஏறியிருக்கிறது.

சொந்த ஊர் விதை என்றால் எப்போதும் தப்பிக்கும் என்றும் எண்ணவேண்டாம். பெலிஸின் மலைக்காட்டில், அதாவது உலகம் பூரா விதை போன அதே இடத்தில், 2000ஆம் ஆண்டை ஒட்டி பட்டை வண்டு பெருகிக் காட்டின் பெரும்பங்கைக் கொன்றது. அது அந்தப் பகுதியின் சொந்த வண்டுதான்.

எனவே "பைனஸுக்குப் பூச்சி வராது" என்ற பேச்சை நான் இப்படித்தான் படிப்பேன்: விதை கடல் தாண்டி வந்தது, அதன் எதிரிகள் வரவில்லை. விதையாக வந்ததால் தப்பித்தோம். 60களில் கிழக்கு, தெற்கு ஆபிரிக்காவில் பைனை அரித்த பஞ்சுப்பேன், அவுஸ்திரேலியாவிலிருந்து ஒட்டுவதற்குக் கொண்டுபோன கிளையோடு வந்திறங்கியது. பயணத்துக்கு ஒரு பச்சைக் கிளை போதும்.

பீலிக்கரை (ஹட்டன்)

சரி, நான் கோபக்காரன்தான், ஆனால் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒன்று விளங்கவில்லை. நாம் இனிப் புதிதாகப் பைனஸ் நடப்போவதில்லை. சிங்கராஜா ஓரத்தில் பேராசிரியர்கள் நிமல், சாவித்திரி குணதிலக்க இருவரும் யேல் பல்கலைக்கழகத்து மார்க் அஷ்டனோடு சேர்ந்து 90களில் செய்து காட்டிவிட்டார்கள்: பைன் வரிசைகளை இடையில் எடுத்துவிட்டு, மிச்ச நிழலில் நம் காட்டு மரங்களை வளர்க்கலாம் என்று. அப்புறம் ஹொண்டுராஸ் விதையா நிக்கராகுவா விதையா என்று தெரிந்து என்ன செய்யப்போகிறோம்?

பழைய பேராதனை

பைனுக்கு அது தெரியாமல் போனது போகட்டும். அந்த இடைவெளியில் நடும் நம் நாட்டு மரத்துக்கும் விதை உண்டே, அதற்கும் ஊர் உண்டே. ஈர வலயத் தாழ்நிலத்தில் பொறுக்கிய விதையை ஊவாவின் வரண்ட சரிவில் நட்டுவிட்டு, பத்து வருடம் கழித்துப் புழு தின்றால் "இந்த மரம் இங்கே சரிவராது" என்று முடிவு கட்டிவிடுவோம். ஒரே ஒரு தாய்மரத்தின் கீழே கூட்டி அள்ளிய விதையில் ஐந்நூறு நாற்று போடுவதும் நடக்கிறது. அது இபில்-இபில் கதைக்குப் பக்கத்தில் வந்துவிடும். குறைந்தது இருபது முப்பது மரத்தில், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவற்றில் பொறுக்கவேண்டும். பையில் எந்த இடம், எவ்வளவு உயரம், எந்த மாதம் என்று எழுதவேண்டும். செலவு ஒரு பேனா.

பீலிக்கரை (ஹட்டன்)

அதை ஏற்றுக்கொள்கிறேன். பீலி விஷயத்தில் மாற்றமில்லை.

மானாப்புல் (பண்டாரவளை)

மன்னிக்கவேண்டும், மழை விடாமல் பெய்ததால் மேலே ஏற முடியவில்லை. இன்றைக்கு நானும் தாத்தாவும் போய் வந்தோம். அவருக்கு முழங்கால் சரியில்லை, பாதி வழியில் கல்லில் உட்கார்ந்து அங்கிருந்தே கட்டளை போட்டார்.

பால்வெட்டு அண்ணன் சொன்னது சரி. மேல்துண்டில் 62 மரம் பார்த்தேன். 14இல் தூள். அந்தப் பதினான்கில் 13இன் அடிப்பட்டை கரி. நெருப்பு மானாப்புல்லில் பிடித்து மேலே ஏறியிருக்கிறது. கீழ்த்துண்டை றோட்டு காப்பாற்றியிருக்கிறது. அங்கே ஒரு கரியும் இல்லை, ஒரு தூளும் இல்லை. பிசின் வெட்டு இரண்டிலும் இல்லை. என் சாக்குக் கதை பெரும்பாலும் புஸ்.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். அடி கருகியும் ஓட்டையே இல்லாத மரங்கள் மேல்துண்டில் 21 இருக்கின்றன. அவற்றில் சிலதில் பட்டை நெடுகப் பிசின் வழிந்து மெழுகுவர்த்தி மாதிரி உறைந்திருக்கிறது. ஒன்றின் உறைந்த பிசினுக்குள் வண்டு ஒன்று தலைகீழாக இருந்தது. கத்தியால் கெல்லி எடுத்துப் போத்தலில் போட்டிருக்கிறேன். யாராவது பார்த்துச் சொல்வதாக இருந்தால் தபாலில் அனுப்பலாம்.

சாக்கில் என்ன எழுதியிருந்தது என்று தாத்தாவிடம் கேட்டேன். ஒன்றில் நாட்டின் பெயர் இங்கிலீஷில் இருந்ததாம். எந்தக் காடு, எந்த மலை என்று இல்லை. இன்னொன்றில் அதுவும் இல்லை, நிறையும் நம்பரும் மட்டும். நாற்றுகளை லொறியில் ஏற்றும்போது இரண்டும் கலந்துவிடக்கூடாது என்று இவர்தான் ஒரு பக்கத்துக்குச் சிவப்புத் துணி கட்டினாராம். அதனால்தான் எது எங்கே போனது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரிகிறது. ஆபீஸ் கொப்பியில் அது ஏறவில்லை.

அந்த 21இல் காய் எட்டின ஐந்து மரத்தில் கொஞ்சம் பறித்து வந்து வெயிலில் வைத்து உதிர்த்தேன். சும்மா பார்க்கத்தான், நடும் எண்ணம் இல்லை பீலிக்கரை அண்ணன், பயப்படவேண்டாம். தண்ணீரில் போட்டால் முக்கால்வாசி மிதக்கிறது, எல்லாம் பதர். ஐந்து மரத்துக்கும் சேர்த்து அடியில் தங்கினது ஒரு சின்னக் கரண்டிகூட வராது. தனித்தனிக் கடதாசிப் பையில் போட்டு மரத்து நம்பர், துண்டு, திகதி எல்லாம் மார்க்கர் பேனையால் எழுதினேன்.

தாத்தா பையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "பையில எழுதினா போதுமா? மரத்தில என்ன இருக்கு?" என்றார். மார்க்கரால் பட்டையில் எழுதிவிட்டு வந்ததாகச் சொன்னேன். "அது ரெண்டு மழைக்குத் தாங்காது. நாளைக்கு மீன் டின்ன வெட்டி எடுத்துக்கிட்டு வா, ஆணியால கீறலாம்."